மேற்கணக்குப் பள்ளிக்கூடம் நிறைந்த நாள்

வலயக் கல்விப் பணிமனையில் புதிதாகக் கதிரை கிடைத்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

உங்கள் பயிற்சி மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். பயனுள்ளதாக இருக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். ஓய்வுபெற்றவனிடம் இப்படிக் கேட்பது ஆபத்தான காரியம். எந்தப் படிவத்துக்கு எத்தனை பிரதி, எந்தப் பிரதி யாருக்கு, எது தவறினால் யார் யாருக்கு விளக்கம் எழுத வேண்டும் என்பதெல்லாம் எனக்கு இன்னும் மனப்பாடம். வீட்டில் யாரும் கேட்பதில்லை. பேரப்பிள்ளைகள் நான் வாய் திறந்தால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். ஆனாலும் நடைமுறைகளைப் பற்றி எழுதப்போவதில்லை. அவற்றை நீங்கள் சுற்றறிக்கையிலேயே படித்துக்கொள்ளலாம், அதுவும் தூக்கம் வராத நாட்களில். நான் எழுதப்போவது ஒரு பகல் வேளையைப் பற்றி.

நான் வித்தியாதரிசியாக வேலைக்குச் சேர்ந்தபோது நாடு சுதந்திரமடைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பாடசாலைகளைப் பரிசோதிக்கும் அதிகாரியை அப்போது அப்படித்தான் அழைப்பார்கள். கொடி மாறியிருந்தது. தேசிய கீதம் மாறியிருந்தது. கண்டிக் கல்விக் கந்தோரின் அலுமாரியிலிருந்த விதிக்கோவை மட்டும் மாறவில்லை. ஆரம்பப் பாடசாலைகளை எப்படி நடத்துவது என்று வெள்ளைக்காரர் எழுதிவைத்துவிட்டுப் போன தடித்த புத்தகம் அது. ஒரு பிள்ளைக்கு எவ்வளவு தரை வேண்டும், சுவர் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், கிணற்றிலிருந்து கக்கூசு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், சமய பாட நேரத்தில் வேற்றுச் சமயப் பிள்ளை எங்கே நிற்கலாம், எல்லாவற்றுக்கும் அதில் விதி இருந்தது. பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் வரவில்லை என்று கேட்பதற்கு மட்டும் ஒரு விதியும் இருக்கவில்லை. எழுதியவர்கள் அதை மறந்துபோனார்களா, பதில் தெரிந்ததால் விட்டுவிட்டார்களா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

இந்தக் கதைக்கு இரண்டு விதிகள் போதும். ஒன்று, வருடம் முழுவதற்குமான சராசரி வரவு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போய்விட்டால் பள்ளிக்கூடத்தின் பெயரைப் பதிவிலிருந்து வெட்டிவிடலாம். வெட்டிவிட்டால் ஆசிரியருக்கு வேலை இல்லை, கட்டடம் தோட்டத்துக்குத் திரும்பிப் போகும். மற்றது, ஐந்து வயது நிரம்பாத பிள்ளை வகுப்பறைக்குள் இருக்கக் கூடாது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நியாயமான விதிகள். இரண்டையும் ஹுன்னஸ்கிரியவுக்கு மேலேயிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது என்ன ஆனது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்தத் தோட்டத்தின் மேற்பிரிவை மேற்கணக்கு என்பார்கள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா கீழ்ப்பிரிவில் இருந்தது. மேற்கணக்குப் பெண்கள் அங்கே குழந்தையை விட்டுவிட்டு மலை ஏறி வருவதென்றால் அதற்குள் கொழுந்து நிறுக்கும் முதல் நேரமே வந்துவிடும். அதனால் அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். மூத்த பெண்பிள்ளை இடுப்பில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். அக்கா எழுதுவாள், தம்பி சிலேட்டை நக்குவான். வருடக்கணக்கில் அப்படியே நடந்தது. எனக்கு முன்னே அந்தப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த அதிகாரி ஒருநாள் போய், வகுப்பறையில் குழந்தைகள் தவழ்வதைக் கண்டு, விதியை வாசித்துக் காட்டிவிட்டு வந்தார். அவர் செய்தது முழுக்க முழுக்கச் சரி. அதன் பிறகு குழந்தைகள் வரவில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு பெண்பிள்ளைகளும் லயத்து வீடுகளிலேயே நின்றுவிட்டார்கள். அடுத்த பரிசோதனையில் சராசரி சரிந்தது. அதற்கடுத்ததில் இன்னும் சரிந்தது. மூன்றாவது பரிசோதனைக்கு நான் போக வேண்டியிருந்தது.

கண்டியில் என் மேலதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். கோப்பை என் பக்கம் தள்ளிவிட்டு, "போய்ப் பாத்திட்டு வாரும். ஆனா ஐசே, அங்க போய் அழுதுபோட்டு வரக் கூடாது. சராசரி காணாட்டி வெட்டுறதுதான்" என்றார். தோட்டத்தை நடத்தும் துரை அந்தக் கட்டடத்தை உர மூட்டை அடுக்கக் கேட்டு ஏற்கெனவே எழுதியிருந்ததும் கோப்பில் இருந்தது.

பரிசோதனை நாளை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பது நடைமுறை. அறிவித்தேன். அது கொழுந்து தள்ளிக்கொண்டு வரும் காலம் என்பதை எந்த நாட்காட்டியும் எனக்குச் சொல்லவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்துப் பாதையில் ஏறும்போதே எதுவோ சரியில்லை என்று தோன்றியது. மழை விட்டு வெயில் அடித்து, மலை முழுவதும் இளம்பச்சையாகக் கொழுந்து நிற்கிறது. மலையில் ஒரு தலை தெரியவில்லை. கூடை இல்லை, சத்தம் இல்லை, கங்காணியின் அதட்டல் இல்லை. அப்படிப்பட்ட ஒரு காலை வேளையில் வெறுமையாகக் கிடந்த தேயிலை மலையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் துரை நின்றுகொண்டிருந்தார். வெள்ளைத் துரை போன பிறகு வந்த நம்நாட்டுத் துரை. முன்னவரின் பங்களாவையும் தொப்பியையும் தமிழையும் அப்படியே பொறுப்பேற்றிருந்தார். என்னோடு ஆங்கிலத்தில் பேசியிருக்கலாம். பேசினால் நான் சமமாகிவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, லயத்து ஆட்களோடு பேசும் தமிழிலேயே பேசினார். அந்தத் தமிழில் 'நீங்கள்' கிடையாது.

"ஆபிசர், நீ வந்தது நல்லது. இங்கே பார். மேக்கணக்கு பொம்பளை ஒரு ஆள் பெரட்டுக்கு இல்லே. இது ஸ்ட்ரைக். உன் ஸ்கூல் செஞ்ச ஸ்ட்ரைக்."

"பள்ளிக்கூடம் எப்படி சேர் ஸ்ட்ரைக் செய்யும்?"

"நீ போய்ப் பார். நான் பூட்டு எடுத்துட்டு வாறேன். இன்னைக்கே ஸ்கூல் மூடும். பொலிசுக்கும் சொல்லும்."

சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு தொழிற்சாலைப் பக்கம் போனார். நான் ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஏறினேன்.

அரைச் சுவர் வைத்த ஒற்றை மண்டபம் அது. உள்ளே போகப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். வகுப்பு நிறைந்திருந்தது. வாங்குகள் போதாமல் பிள்ளைகள் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்பிள்ளைகளெல்லாம் எண்ணெய் வைத்து வாரி, நெற்றியில் பொட்டு வைத்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு இருந்தார்கள். இடுப்பில் குழந்தை இல்லாமல் எப்படி உட்காருவது என்று தெரியாதவர்கள் போலச் சிலர் கையை மடியில் ஏந்தியபடி வைத்திருந்தார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஆசிரியை. நாவலப்பிட்டியில் ரயில்வே வேலை பார்த்தவரின் மகள். பெயர் ஞானம்மா. அவரை நான் டீச்சர் என்றே அழைத்தேன், கடைசிவரை.

"வாங்க சேர்" என்றார். முகத்தில் வரவேற்பைவிடக் கவலை அதிகமாயிருந்தது. "எல்லாரும் வந்திருக்காங்க."

"எப்படி டீச்சர்?"

அவர் பின்பக்கத்து அரைச் சுவருக்கு அப்பால் கையைக் காட்டினார். அங்கே சவுக்கு மரத்தடியில் மேற்கணக்குப் பெண்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு குழந்தை.

"ஒருநாள் நெறஞ்சா போதாது, வருஷத்துச் சராசரியத்தான் பாப்பாங்கன்னு சொல்லிப் பாத்தேன் சேர்" என்று டீச்சர் தாழ்ந்த குரலில் சொன்னார். "கேக்கல. ஆபிசர் வந்து தலையத்தான் எண்ணுவாரு, கண்ணால பாத்தா மூட மாட்டாருன்னு அவங்களே பேசி முடிவெடுத்துட்டாங்க. புள்ளைங்க வரணும்னா கைக்கொழந்தைய யாராவது வச்சிருக்கணும்ல? அதான் யாரும் பெரட்டுக்குப் போகல."

கொழுந்து மிகுந்த நாளில், மற்ற நாளைவிடக் கூடை சீக்கிரம் நிறையும் நாளில், ஒரு நாள் பேரை விட்டுவிட்டு அவர்கள் வந்து நிற்கிறார்கள். தோட்டத்தில் வேலைநாளைப் பேர் என்பார்கள், பேர் விழவில்லையென்றால் அந்த நாளே இல்லை. எதற்காக? நான் எண்ணுவதற்காக. என் எண்ணிக்கையோ விதிப்படி ஒன்றுக்கும் உதவாது. வருடம் முழுவதும் வராத பெண்பிள்ளைகள் ஒருநாள் வந்ததால் சராசரி ஒரு மயிரிழை உயரும், அவ்வளவுதான்.

மரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது. பேச்சாயி என்ற கொழுந்துக்காரி. அவளுடைய மகள் சிவகாமி ஐந்தாம் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஐயா, நல்லா எண்ணுங்க. அவசரப்படாதீங்க. ஒன்னும் எந்திரிச்சு ஓடிறாது."

மற்றவர்கள் சிரித்தார்கள்.

"போன தடவ வந்த ஐயா கைக்கொழந்தையப் பாத்து மூஞ்சிய இப்படி வச்சாரு" என்று அவள் செய்து காட்டினாள். என் முன்னவரின் முகம் அச்சாக வந்தது. "அதான் இன்னிக்கு அதுகள நாங்களே புடிச்சிக்கிட்டு நிக்கிறோம். உங்க ரூலுக்கு ஒரு கொறையும் இல்லயே?"

"இல்லை" என்றேன். உண்மையில் அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் விதிக்கு ஒரு குறையும் இல்லை.

துரை வந்துவிட்டார். கையில் பெரிய பித்தளைப் பூட்டு. பின்னால் கங்காணி ஒருவர் தலையைக் குனிந்தபடி வந்தார். பிள்ளைகள் எழுந்து நின்று குட்மோர்னிங் சொன்னார்கள். அது அவருக்கு எரிச்சலைக் கூட்டியது போலிருந்தது.

"எல்லாம் வெளியே போ. ஸ்கூல் மூடும்."

டீச்சர் என்னைப் பார்த்தார். பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். பெண்கள் அரைச் சுவருக்குப் பக்கத்தில் நெருங்கி வந்தார்கள். நீங்கள் இனிமேல் பல சுற்றறிக்கைகள் படிப்பீர்கள். இப்படியொரு நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எதிலும் இருக்காது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்று: கோபத்தில் இருக்கிறவரிடம் நியாயம் பேசக் கூடாது. அவருடைய பதவி என்ன என்பதை மட்டும் மெதுவாக ஞாபகப்படுத்த வேண்டும்.

"சேர், விதிப்படி இந்தப் பள்ளிக்கூடத்தின் முகாமையாளர் யார்?"

"நான். ஏன் கேக்குது?"

"அப்படியானால் வரவு ஏன் குறைந்தது என்று நான் கேட்க வேண்டியதும் உங்களிடம்தான். இதோ இன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். மற்ற நாளில் ஏன் வருவதில்லை? கைக்குழந்தையைப் பார்க்க மேற்கணக்கில் இடமில்லை. நான் அதை எழுதித்தான் ஆக வேண்டும். பொலிசைக் கூப்பிட்டால் கூப்பிடுங்கள். அவர்கள் வந்தால் தொழில் பகுதி அதிகாரியும் வருவார். பெண்கள் ஏன் வேலைக்கு வரவில்லை என்று அவர் கேட்பார். பதில் இதேதான். பிறகு பிள்ளைக்காம்பரா ஏன் இல்லை என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது."

"இது ஸ்ட்ரைக்" என்றார் துரை மறுபடியும். ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பேச்சாயி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "தொரைகளே, ஸ்ட்ரைக்குன்னா நாங்க கொடியில்ல புடிப்போம். இப்படிப் புள்ளையவா புடிச்சிக்கிட்டு நிப்போம்?"

அவள் இடுப்பிலிருந்த பையன் சரியாக அந்த நேரம் பார்த்துத் துரையின் தொப்பியை நோக்கிக் கையை நீட்டி ஏதோ சொன்னான். கங்காணி வேறு பக்கம் திரும்பி இருமினார்.

துரை பூட்டைக் கைமாற்றிப் பிடித்தார். நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் அவருக்கும் நெருக்கடி இருந்தது. "கொழுந்து முத்திப் போகும்" என்றார், இப்போது எங்களில் யாரையும் பார்க்காமல், மலையைப் பார்த்து. "நாளைக்கு அது முத்தின இலை. கொழும்புலேர்ந்து எனக்குத்தான் ஏச்சு வரும்."

"அரைநாளாவது எடுத்தால்?" என்று கேட்டேன்.

"அரைப்பேர் போட்டா போறோம்" என்றாள் பேச்சாயி உடனே. மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். "ஆனா கொழந்தைய யாரு பாக்குறது? பொட்டப்புள்ளைங்கள எழுப்பக் கூடாது. ஐயா இன்னும் எண்ணியே முடிக்கல."

பிறகு டீச்சர்தான், என்னைக் கேட்காமல், சுவருக்கு வெளியே கையை நீட்டினார்.

"இங்க குடுத்துட்டுப் போங்க."

துரை என்னைப் பார்த்தார். அந்த விதி அவருக்கும் தெரியும். என் முன்னவர் அவருக்கு முன்னால்தான் அதை வாசித்திருந்தார். பார்ப்போம் என்கிற பார்வை அது. பரிசோதனைக்கு வந்த அதிகாரியே, பரிசோதனை நடக்கும்போதே, வகுப்பறைக்குள் கைக்குழந்தைகளை அனுமதித்தார் என்று அவர் ஒரு வரி எழுதிப் போட்டால் என் கதிரை ஆடும்.

"குடுங்க" என்றேன். "நான் பொறுப்பு."

அதை அப்படியே பள்ளிக்கூடத்துச் சம்பவத் திரட்டுப் புத்தகத்திலும் எழுதினேன். எதையும் மறைக்கவில்லை. சராசரி குறைவு. காரணம், மேற்கணக்கில் பிள்ளைக்காம்பரா இல்லை. முகாமையாளர் பள்ளிக்கூடத்தின் பக்கத்திலேயே ஒன்று போட்டு, பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணுக்குப் பேர் கொடுக்க ஒப்புக்கொள்கிறார். ஒரு வருடம் பார்த்துவிட்டுப் பெயரை வெட்டுவது பற்றி முடிவெடுக்கலாம். இன்று கைக்குழந்தைகள் வகுப்பறையில் இருந்தனர், என் அனுமதியோடு. துரையிடம் பேனாவைக் கொடுத்தேன். அவர் மலையை ஒருதரம் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். பெண்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏற்கெனவே கூடைகளை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் இந்த வயதில் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எந்த அறிக்கையிலும் எழுதாதது அது.

டீச்சர் கூரைத் தீராந்தியில் பழைய சேலைகளைக் கட்டித் தொட்டில்கள் போட்டார். இடம் போதாத குழந்தைகளைப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டார்கள். வாங்கியதும் பெண்பிள்ளைகளின் உட்காரும் விதமே மாறிவிட்டது, கை கால் எல்லாம் தானாக அதனதன் இடத்துக்குப் போயின. நான் பரிசோதனையை ஆரம்பித்தேன். சொல்வதெழுதுதல் கொடுக்கும்போது யாரோ ஒருத்தி கையிலிருந்த பையனை என் மடியில் வைத்துவிட்டு எழுதப் போனாள். கேட்கக்கூட இல்லை. பிரம்பும் மீசையுமான பெரிய அதிகாரியென்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்த காலம். அவன் என் அளவுநாடாவை வாயில் வைத்துச் சப்பினான். தரையின் சதுர அளவை எடுக்கக் கொண்டுபோன நாடா அது. பிறகு என் வெள்ளைக் காற்சட்டையை நனைத்துவிட்டுத் தூங்கிப்போனான்.

சிவகாமியை வாசிக்கச் சொன்னேன். எழுந்து நின்று வாசித்தாள். தெளிவான குரல். வாசித்துக்கொண்டே இடக்காலால் பக்கத்துத் தொட்டிலை ஆட்டினாள். புத்தகத்தில் நிறுத்தக்குறி வந்த இடங்களில் கால் நின்றது, அடுத்த வாக்கியம் தொடங்கியதும் கால் தொடங்கியது. கணக்குப் பார்க்க வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். எல்லாரும் சேர்ந்து இழுத்து இழுத்துச் சொன்னார்கள். ஏழாம் வாய்ப்பாட்டுக்கு வரும்போது குழந்தைகள் ஒன்றொன்றாக அடங்கிவிட்டன. டீச்சர் வாயில் விரலை வைத்தார். எட்டாம் வாய்ப்பாட்டைக் கிசுகிசுத்தே சொன்னார்கள்.

வெளியே மலையில் பெண்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மூடுபனி அரைச் சுவருக்கு மேலாக உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. பிள்ளைகளும் குழந்தைகளும் டீச்சரும் நானும் அந்த ஒற்றை மண்டபத்துக்குள். எல்லாம் விதிக்கு விரோதம். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அதன் பிறகு எத்தனையோ நல்ல கட்டடங்களை, கணினி அறைகளை, நாடா வெட்டித் திறந்து வைத்திருக்கிறேன். அந்தப் பகல் வேளையைப் போல ஒன்று எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கிடைக்குமென்று பல பள்ளிக்கூடங்களின் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.

மாலையில் பெண்கள் நனைந்த கூடைகளோடு வந்தார்கள். பேச்சாயி என் மடியிலிருந்தவனைத் தூக்கினாள். அவளுடைய பிள்ளைதானாம். என் காற்சட்டையைப் பார்த்தாள்.

"ஐயாவுக்கு முத்திரை குத்திட்டான்" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "எண்ணியாச்சா ஐயா?"

"எண்ணியாச்சு."

"மூட மாட்டீங்களே?"

"ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். பிள்ளைகளை அனுப்புங்கள்."

"அனுப்புவோம். நாங்க எப்ப அனுப்பாம இருந்தோம்?"

அவளிடம் சராசரியைப் பற்றி நான் விளக்கவில்லை. விளக்கியிருந்தாலும் பிழையாகத்தான் விளக்கியிருப்பேன். அவர்கள் நினைத்தபடி தலைகளை எண்ணியதால் பள்ளிக்கூடம் தப்பவில்லை. ஆனால் அவர்கள் அன்று மலையைக் காலியாக விட்டிருக்காவிட்டால் துரை பேனாவைத் தொட்டிருக்கவே மாட்டார். விதிக்கோவையைக் கரைத்துக் குடித்த எனக்கு அப்படியொரு வழி தோன்றியிருக்காது.

கண்டியில் மேலதிகாரி என் அறிக்கையைக் கண்ணாடியைக் கழற்றி ஒருதரம், போட்டு ஒருதரம் வாசித்தார்.

"என்ன ஐசே, இது பரிசோதனை அறிக்கையோ, பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரி அறிக்கையோ?"

அவர் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

"சராசரி காணாது எண்டு நீரே எழுதியிருக்கிறீர். பிறகேன் வெட்டேல்லை?"

"காரணத்தையும் எழுதியிருக்கிறேன், சேர்."

"காரணம் எழுதச் சொல்லி விதி எங்க கிடக்கு?"

"இல்லை, சேர். எழுதக் கூடாது என்றும் இல்லை."

அவர் அறிக்கையை மேசையில் விரித்தார். பிறகு பேனாவின் மூடியைத் திறந்தார். "ஓம். ஒரு வருஷம். அதுக்குப் பிறகும் காணாட்டி வெட்டுவன். உம்மடை பேரையும் சேர்த்து."

தம்பிமாரே, தங்கைமாரே, இதில் பாடம் என்று ஒன்று கேட்டால் இதுதான். விதி உங்களுக்கு முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன் அதை மீறினால் அது குழப்பம். தெரிந்தவன் தன் பெயரை எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு, இந்த இடத்தில் இதை நான் நிறுத்தி வைக்கிறேன் என்று சொன்னால் அது தீர்மானம். மீறியதை மறைக்க வேண்டியிருந்தால் மீறவே மீறாதீர்கள். அதைவிடப் பெரிய தத்துவம் எதுவும் என்னிடம் இல்லை.

துரை சொன்னபடி தகரக் கொட்டகை போட்டார். அவருக்கும் கொழுந்து வேண்டுமே. பெண்பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். இடைவேளை மணி அடித்தால் முதலில் கொட்டகைக்கு ஓடி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்கள் என்று டீச்சர் சொன்னார். அடுத்த வருடம் சராசரி தேறியது. அதற்கடுத்த வருடமும். நான் ஒவ்வொரு ஆண்டும் அந்தப் பரிசோதனையை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் நானே போனேன். போக வேண்டிய அவசியம் இல்லாத சில நாட்களிலும் போனேன். டீச்சர் சீனி போடாத தேத்தண்ணியும் கையில் ஒரு துண்டு கருப்பட்டியும் தருவார். நாங்கள் சராசரியைப் பற்றிப் பேசுவோம்.

பிறகு ஒப்பந்தம் வந்தது. தோட்டத்து ஆட்களில் யார் இந்தியாவுக்கு, யார் இங்கே என்று இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தன. விதி எழுதுவதில் வெள்ளைக்காரர்களுக்கு நாங்கள் சளைத்தவர்கள் இல்லை என்று அப்போது தெரிந்தது. ஒரே லயத்தில் ஒரு காம்பராவுக்கு ஒரு நாடு, அடுத்த காம்பராவுக்கு வேறு நாடு. பேச்சாயியின் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. சிவகாமி அதற்கு முன்பே அதே தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவனைக் கல்யாணம் செய்திருந்தாள். அவனுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை. அவள் இங்கே.

மேற்கணக்கு காலியாகிக்கொண்டு வந்தது. லயங்களில் அடுப்புகள் அணைந்தன. பள்ளிக்கூடத்தில் சாக்கு விரித்து உட்கார வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. பிறகு சில வாங்குகளும் வெறுமையாயின. டீச்சர் ஒவ்வொரு வாரமும் வரவு இடாப்பில் சில பெயர்களுக்கு எதிரே 'இந்தியா' என்று எழுதினார். வரவு மறுபடியும் அந்த அளவை நோக்கி இறங்கியது. இம்முறை காரணம் எழுதினாலும் அதைத் தீர்த்துவைப்பதாகக் கையெழுத்துப் போட எந்தத் துரையாலும் முடியாது.

பேச்சாயி குடும்பம் புறப்பட்ட நாளில் நான் கண்டிப் புகையிரத நிலையத்துக்குப் போனேன். அந்தக் கோச்சி தலைமன்னாருக்குப் போகும், அங்கிருந்து கப்பல். அந்த மேடையில் அப்படியான நாட்களில் நின்றிராதவர்களுக்கு அதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தகரப் பெட்டிகள், கட்டிய பாய்கள், அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்த கிழவர்கள். அழுகை இந்த முனையில் அடங்கினால் அந்த முனையில் எழும். டீச்சர் சிவகாமியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பேச்சாயி ஜன்னலுக்குள்ளிருந்து என்னைக் கண்டாள். மீசை அரும்பிய ஒருவனின் தலையைப் பிடித்து வெளியே தள்ளி, "ஐயாவுக்குக் கும்பிடு போடுடா, உன்னைய மடியில வச்சிருந்தவரு" என்றாள். அவன் வெட்கப்பட்டுக் கையைக் குவித்தான். என் காற்சட்டையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"ஐயா, சிவகாமிக்கு மாசம் அஞ்சு" என்றாள். "நான் பாக்கப்போறதில்ல. ஊரு எந்தத் திக்குன்னுகூடத் தெரியல. ஆனா அது நடந்து போற தூரத்துல நம்ம பள்ளிக்கூடம் இருக்குன்னு நெனச்சிக்குவேன். எல்லாம் போயிருச்சுன்னு மூடிறாதீங்க."

எந்த உத்தியோகத்தரும் தன் அதிகாரத்துக்கு அப்பாற்பட்ட எதையும் வாக்குறுதியாக அளிக்கக் கூடாது. இதுவும் விதிதான், நல்ல விதி.

"மூட மாட்டோம்" என்றேன்.

"நாங்க பேர விட்டுட்டு நின்னு காப்பாத்துன பள்ளிக்கூடம், ஆமா" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள், ஏதோ கோயில் கட்டியதைச் சொல்வது போல. விசில் ஊதியது. சிவகாமி ஓடிப்போய் ஜன்னலில் கையைக் கொடுத்தாள். கோச்சி நகர நகர, கைகள் நீண்டு, விட்டுப்போயின. பேச்சாயி அழவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டே போனாள், பெட்டி கண்ணை விட்டு மறையும் வரை.

மேடை காலியானது. சிவகாமி தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றாள். நானும் பக்கத்தில் நின்றேன். இந்த மூவரில் அந்தப் பள்ளிக்கூடத்தின் வரவு எந்த நிலையில் இருக்கிறதென்று சரியாகத் தெரிந்தவர் டீச்சர் ஒருவர்தான். அவர் சேலைத் தலைப்பால் சிவகாமியின் முகத்தைத் துடைத்தார்.

"வாம்மா, ஹுன்னஸ்கிரிய பஸ் போயிரும்" என்றார். "நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கு."